இன்று அள்ளி வைத்து நாளை திறக்கும் திருட்டு

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலக் கூடத்தில் இப்போது யாரும் கூவி விலை கேட்பதில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். 2021-இல் நறுமணப் பொருள்கள் வாரியம் ஏலத்தை மேகக் கணினிக்குக் கொண்டுபோனது. அதன்பின் போடியில் இருக்கும் வியாபாரி, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் நடக்கும் ஏலத்திலும் விலை கேட்க முடிகிறது. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கும் அந்த ஓர் அழுத்தல் ஃபைபர் கேபிளில் ஒளியாக ஓடி, எங்கோ இருக்கும் ஒரு சர்வரைத் தொட்டுத் திரும்புகிறது. வழியில் அதை யாரும் படித்துவிடக் கூடாது, திருத்திவிடக் கூடாது, இன்னொருவர் பெயரில் போட்டுவிடவும் கூடாது. இந்த மூன்றும் நடக்காமல் காவல் காப்பது ஒரு கணக்குதான்.

அந்தக் கணக்கை உடைக்கும் இயந்திரம் இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் அதற்கு எந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பது என்பது தெரியும். குவாண்டம் கணினியைப் பற்றிப் பேசும்போது ‘எப்போது வரும்?’ என்றே எல்லோரும் கேட்கிறார்கள். தொலைத்தொடர்பைப் பொறுத்தவரை அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது: இன்று கேபிளில் போகும் எந்தச் செய்தி இன்னும் இருபது ஆண்டு கழித்தும் ரகசியமாக இருக்கவேண்டும்?

ஏலக்காய்க்குக் கேட்ட விலை மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பத்து ஆண்டு கழித்து அதைத் திறந்து படிப்பவனுக்கு எந்த லாபமும் இல்லை. ஆனால் போடி இருக்கும் தேனி மாவட்டத்துப் பள்ளத்தாக்கின் அதே கேபிள்களில் மருத்துவமனைக் குறிப்புகளும் கைரேகைச் சரிபார்ப்புகளும் பத்திரப்பதிவு ஆவணங்களும் போகின்றன. லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையம் போன்ற இடங்களின் இயக்கத் தகவல்களும் உண்டு. ஒருவருடைய கைரேகை சாகும்வரை மாறாது. இளம் வயதில் எழுதப்பட்ட ஒரு நோய்க்குறிப்பு முதுமையிலும் அவரை நோகடிக்கும். இவற்றை மறையாக்கம் செய்த நிலையிலேயே இன்று நகலெடுத்து வைத்துக்கொண்டு, உடைக்கும் கருவி வந்தபின் திறக்கலாம். அப்படி அள்ளிச் சேர்க்க இன்று குவாண்டம் கணினி தேவையே இல்லை. சேமிக்க வட்டு போதும். ஃபைபர் இழையை அளவோடு வளைத்தால் கொஞ்சம் ஒளி வெளியே கசியும், அதை உணர்கருவியால் பிடித்துவிடலாம். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும், அவற்றில் தேனி மாவட்டத்தின் 130 ஊராட்சிகளுக்கும், இணையத்தைக் கொண்டுசெல்ல இழுக்கும் கேபிளில் பெரும்பகுதி மின்கம்பங்களில் தொங்குவது. காடும் தோட்டமுமாகப் போகும் ஒரு கேபிளை மீட்டர் மீட்டராக யாராலும் காவல் காக்க முடியாது. கேபிளைக் காப்பதைவிட உள்ளே போகும் செய்தியைக் காப்பதே நடக்கக்கூடிய காரியம்.

இன்றைய காவல் எதில் நிற்கிறது? 1977-இல் உருவான ஆர்எஸ்ஏ முறையில், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணை ஊரறியச் சொல்லிவிடலாம். அதை உடைத்து மூல எண்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். 2048 பிட் ஆர்எஸ்ஏ எண் என்றால் 617 இலக்கம். இன்றைய கணினிகளை எல்லாம் கூட்டிச் சேர்த்தாலும் அதை உடைக்க மனித ஆயுள் போதாது.

1994-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார். பெரிய எண்ணை விட்டுவிட்டு 15-ஐ எடுத்துக்கொள்வோம். 1-இல் தொடங்கி 2-ஆல் பெருக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 15-ஆல் வகுத்த மீதியை மட்டும் எழுதினால் 1, 2, 4, 8, மறுபடி 1, 2, 4, 8 என்று வரும். நான்கு அடிக்கு ஒருமுறை வரிசை திரும்புகிறது. அந்த நான்கில் பாதி இரண்டு. 2-இன் வர்க்கம் 4. அதில் ஒன்றைக் கழித்தால் 3, ஒன்றைக் கூட்டினால் 5. மூன்றையும் ஐந்தையும் பெருக்கினால் பதினைந்து, எண் உடைந்துவிட்டது. வரிசை எத்தனை அடியில் திரும்புகிறது என்று தெரிந்தால் போதும், மீதி பள்ளிக் கணக்கு. ஆனால் 617 இலக்க எண்ணில் அந்த வரிசை திரும்புவதற்குள் எடுக்கவேண்டிய அடிகளின் எண்ணிக்கையே நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்டது. சாதாரணக் கணினி அந்தத் திருப்பத்தை ஒருபோதும் எட்டாது.

குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கும் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியல்ல. அதன் க்யூபிட்டுகள் (குவாண்டம் பிட்டுகள்) அலைகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. தவறான இடைவெளிகளுக்குரிய அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படியும், சரியான இடைவெளிக்குரியவை ஒன்றையொன்று வலுப்படுத்தும்படியும் ஷோர் கணக்கை அமைத்தார். கடைசியில் அளந்தால் அந்த இடைவெளியே மேலெழுந்து வருகிறது. ஆகவே குவாண்டம் கணினி எல்லாவற்றையும் உடைக்கும் மந்திரக்கோல் அல்ல. இப்படி ஒழுங்காகத் திரும்பிவரும் வரிசை எங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கேதான் அதன் பலம். ஆர்எஸ்ஏ-யிலும், இன்றைய கைபேசிகளும் வங்கிகளும் நம்பியிருக்கும் நீள்வட்ட வளைவு முறையிலும் அப்படிப்பட்ட வரிசை இருக்கிறது.

இதற்கு எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும்? 2048 பிட் எண்ணை 8 மணி நேரத்தில் உடைக்க 2 கோடி க்யூபிட் தேவை என்று 2019-இல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எகெரோவும் கணக்கிட்டார்கள். 2025 மே மாதம் கிட்னியே அதைத் திருத்தினார்: 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட் போதும், ஒரு வாரத்துக்குள் முடியும். கூகுள் 2024 டிசம்பரில் அறிவித்த வில்லோ சில்லில் இருந்தவை 105 க்யூபிட்டுகள். இடைவெளி இன்னும் மிகப் பெரியது. ஆனாலும் ஆறே ஆண்டில் இலக்கு இருபது மடங்கு கீழே இறங்கியிருக்கிறது. இயந்திரம் வளர்ந்ததால் அல்ல, கணக்கு மேம்பட்டதால். எனக்குக் கவலை தருவது இதுதான்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து மிக்கேல் மோஸ்கா இதை எளிய கூட்டலாக வைத்தார். ஒரு தகவல் எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்கவேண்டும், வலைப்பின்னலை மாற்றி முடிக்க எத்தனை ஆண்டாகும் என்ற இரண்டையும் கூட்டுங்கள். குவாண்டம் கணினி வர ஆகும் ஆண்டுகளைவிட அந்தத் தொகை அதிகமானால் இப்போதே தாமதமாகிவிட்டது. கைரேகைக்கும் மருத்துவக் குறிப்புக்கும் போட்டுப் பார்த்தால் விடை ஆறுதலாக இல்லை.

சரி, தொலைபேசி வலைப்பின்னலுக்குள் எது ஆபத்தில் இருக்கிறது? கம்பத்திலிருந்து குமுளி மலையேறும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவரின் கைபேசி ஏதோ ஒரு வளைவில் தமிழ்நாட்டு வட்டத்தை விட்டுக் கேரள வட்டத்துக்கு மாறுகிறது. அந்த நொடியில் ‘இந்த சிம் உண்மையானதுதானா?’ என்ற விசாரணை நடக்கிறது. சிம் கார்டுக்குள் 128 பிட் ரகசிய எண் ஒன்று இருக்கிறது. அதே எண் தொலைபேசி நிறுவனத்தின் மையச் சர்வரிலும் இருக்கிறது; வேறெங்கும் இருக்கக் கூடாது. வலைப்பின்னல் ஒரு தற்செயல் எண்ணை அனுப்ப, சிம் தன் ரகசியத்தோடு அதைக் கலந்து விடையை மட்டும் திருப்பித் தருகிறது. ரகசிய எண் வெளியே வருவதே இல்லை. இதில் ஷோரின் கணக்குக்குப் பிடி கிடையாது. 1996-இல் லவ் குரோவர் கண்ட இன்னொரு குவாண்டம் வழிமுறை இத்தகைய எண்களைத் தேடும் வேலையைக் குறைக்கும். அதற்கு எண்ணை 256 பிட்டாக நீட்டினால் போதும். பலர் நினைப்பதுபோல் சிம் கார்டு முதல் பலி அல்ல.

சிக்கல் அதைச் சுற்றி இருக்கிறது. பழைய தலைமுறைகளில் கைபேசி தன் நிரந்தர அடையாள எண்ணைச் சில சமயம் வெளிப்படையாகவே காற்றில் சொல்லிவிடும். யார் எங்கே இருக்கிறார் என்று ஒட்டுக்கேட்பவர்கள் கண்டுபிடிக்க அது வழிவிட்டது. 5ஜி அந்த ஓட்டையை அடைத்தது. அடையாள எண், நிறுவனம் ஊரறியத் தரும் பொதுச்சாவியால் மறையாக்கப்பட்டே வெளியே போகும். அருமையான முன்னேற்றம். ஆனால் அடைக்கப் பயன்பட்டது நீள்வட்ட வளைவு. இன்று ஒருவர் குமுளிச் சோதனைச்சாவடி அருகே அந்த அலைகளைப் பதிந்து வைத்தால், எந்த நாளில் யார் யார் அந்த வழியாகப் போனார்கள் என்பதைப் பின்னொரு காலத்தில் படிக்கலாம். ஒரு செய்தியாளருக்கோ வழக்கின் சாட்சிக்கோ இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

டவரிலிருந்து மையச் சர்வர்வரை செல்லும் இணைப்பிலும் அதே பொதுச்சாவிச் சான்றிதழ்கள்தான். எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது மென்பொருள் கையொப்பத்தை. டவரில் இருக்கும் கருவி தனக்கு வரும் புதிய மென்பொருள் உற்பத்தியாளரிடமிருந்துதான் வந்ததா என்று டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்த்தே ஏற்கிறது. அந்தக் கையொப்பத்தைப் போலியாகப் போட முடிந்தால் டவரே எதிரியின் கைக்குப் போய்விடும். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் பட்டாவும் இப்படிப்பட்ட கையொப்பத்தை நம்பியிருப்பதுதான். ரகசியம் கசிவது ஒரு கேடு. நிலம் யாருடையது என்பதிலேயே சந்தேகம் விழுவது அதைவிடப் பெரிய கேடு.

தற்காக்க இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. முதலாவது, குவாண்டத்தை குவாண்டத்தாலேயே எதிர்கொள்வது. இதன் பிறப்பிடம் நமக்கு வெகு அருகில்: 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஒரு கணினி மாநாட்டில்தான் சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராசாரும் இந்த முறையை முன்வைத்தார்கள். மறையாக்கச் சாவியின் ஒவ்வொரு பிட்டையும் ஒற்றை ஒளித்துகளின் அதிர்வுத் திசையில் எழுதி அனுப்புவது. ஒற்றைத் துகளை நகலெடுக்க இயற்கை அனுமதிப்பதில்லை. இடையில் யாரேனும் அளந்து பார்த்தால் திசை குலைந்து பெறுபவருக்குத் தெரிந்துவிடும். 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல், சாதாரண வணிக ஃபைபரில் இதைச் செய்து காட்டின. 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் தகவல்தொடர்பு மையம் சென்னையில், ஐஐடி மெட்ராஸில், அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட்டின் துணையோடு அமைந்திருக்கிறது. 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குக் குவாண்டம் சாவி அனுப்புவது இயக்கத்தின் இலக்குகளில் ஒன்று.

பெருமைப்பட வேண்டிய முயற்சி. ஆனால் அது தேனி வரைக்கும் வருமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். நல்ல ஃபைபரிலும் 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. சென்னையிலிருந்து தேனி ஏறத்தாழ 500 கிலோமீட்டர். பத்து முறை பத்தில் ஒன்றாகக் குறைந்தால், புறப்பட்ட ஆயிரம் கோடித் துகளில் ஒன்றே வந்து சேரும். நொடிக்கு 100 கோடித் துகள் அனுப்பும் கருவி இருந்தாலும் பத்து நொடிக்கு ஒன்று. சாதாரண ஒளியை வழியில் பெருக்கிக்கொள்ளலாம்; இதைப் பெருக்க முடியாது, நகலெடுக்க விடாத அதே இயற்கை விதி தடுக்கிறது. ஆய்வகங்களில் இதையும் தாண்டிய சாதனைகள் உண்டு. நடைமுறையில் செய்வது, நூறு கிலோமீட்டருக்கு ஒரு நம்பகமான அறை அமைத்து அங்கே சாவியைத் திறந்து மறுபடி அனுப்புவது. அந்த அறைக்குள் இருப்பவரை நம்பித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் காற்று குவிந்து வீசும் கணவாய்களில் கம்பம் கணவாயும் ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் வீசும் காற்று மின்கம்பத்தில் தொங்கும் கேபிளை ஆட்டிக்கொண்டே இருக்கும். கேபிள் ஆடினால் உள்ளே போகும் ஒளியின் அதிர்வுத் திசையும் திரும்பும். திசையில்தான் சாவியே எழுதப்பட்டிருக்கிறது. சரிசெய்யும் கருவிகள் இருக்கின்றன; செலவும் சேர்ந்தே வரும். போதாததற்கு, மறுமுனையில் இருப்பவர் உண்மையான ஆள்தானா என்பதை இந்த முறை தானாகச் சொல்லாது. அதற்கு வேறொரு சரிபார்ப்பு வேண்டும். குவாண்டம் சாவி பெருநகரங்களுக்கு இடையிலான முதுகெலும்புத் தடங்களுக்கும் ராணுவத்துக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். மேகமலை ஹைவேவிஸுக்கு அது வழியல்ல.

இரண்டாவது வழி எளிமையானது: குவாண்டம் கணினிக்கும் பிடிகொடுக்காத வேறொரு கணக்குக்கு மாறிவிடுவது. இதற்குப் புதிய கேபிள் வேண்டாம். இன்றைய கணினியிலும் கைபேசியிலும் மென்பொருளாகவே ஓடும். அந்தக் கணக்கு எப்படிப்பட்டது? கம்பத்துப் பன்னீர் திராட்சைப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்தூண்கள் ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. தோட்டத்தில் ஓரிடத்தில் குச்சி ஒன்றை நட்டு, இதற்கு மிக அருகிலுள்ள தூண் எது என்று கேட்டால் குழந்தையும் காட்டிவிடும். இப்போது கும்மிருட்டு. ஒரு தூணிலிருந்து வேறு தூண்களுக்குப் போக, கோணல்மாணலான இரண்டு நீண்ட தாவல்கள் மட்டும் சொல்லித் தரப்பட்டிருக்கின்றன. அவற்றை முன்னும் பின்னுமாகக் கூட்டிக் கழித்துத்தான் குச்சிக்கு அருகிலுள்ள தூணை அடையவேண்டும். நீளமும் அகலமும் மட்டும் உள்ள தோட்டத்தில் இதையும் செய்துவிடலாம். தோட்டத்துக்கு 768 திசைகள் இருந்தால்? நேரான குட்டை அடிகளை அறிந்த தோட்டக்காரர் உடனே சொல்வார். மற்றவர்கள் சொல்ல முடியாது. குவாண்டம் கணினிக்கும் இதில் குறுக்குவழி இருப்பதாக இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2016-இல் உலகக் கணித அறிஞர்களிடம் இத்தகைய முறைகளைக் கேட்டு, எட்டு ஆண்டு உடைத்துப் பார்த்து, 2024 ஆகஸ்ட் 13 அன்று மூன்று தரங்களை வெளியிட்டது. சாவி பரிமாற எம்எல்-கெம். கையொப்பத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ. குரோம் போன்ற உலாவிகள் எம்எல்-கெம் முறையை ஏற்கெனவே பழைய முறையோடு சேர்த்துப் பயன்படுத்துகின்றன. தேனிப் பேருந்து நிலையத்தில் நின்று கைபேசியில் இணையதளம் திறப்பவர் தமக்குத் தெரியாமலேயே அதன் பாதுகாப்பில் இருக்கக்கூடும்.

பழையதோடு சேர்த்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நிஸ்ட் போட்டியின் நான்காம் சுற்றுவரை வந்த சைக் என்ற முறையை 2022-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்து இருவர், சாதாரணக் கணினியின் ஒற்றைச் செயலியில், சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். குவாண்டம் கணினி அங்கே தேவைப்படவே இல்லை. புதிய கணக்கு இன்னும் காலத்தின் சோதனையை முழுதாகக் கடக்கவில்லை. இரண்டையும் பின்னி வைத்தால் ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும்.

புதிய முறைகளுக்கு ஒரு சுமை இருக்கிறது, அது மலைப்பகுதியில்தான் அதிகம் தெரியும். பழைய நீள்வட்ட வளைவுச் சாவி 32 பைட். எம்எல்-கெம் 768-இன் பொதுச்சாவி 1,184 பைட். கையொப்பம் 64 பைட்டிலிருந்து 3,309 பைட்டாகிறது. இணையத்தில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1,500 பைட்டுக்குள் அடங்கவேண்டும். ஒரு பொட்டலத்தில் முடிந்தது இனி மூன்று நான்கில் போகும். சிக்னல் வலுவாக உள்ள ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. குரங்கணி மலைச் சரிவில் ஒரு கோடு சிக்னலில் ஒரு பொட்டலம் தவறினாலும் மறுபடி கேட்டு வாங்கவேண்டும்.

ஆண்டிபட்டிப் பக்கம் நிற்கும் காற்றாலைகளையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். ஒரு காற்றாலை இருபது ஆண்டுக்கு மேல் சுழலும். தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் அதன் கட்டுப்பாட்டுக் கருவி, தொழிற்சாலையில் பொறித்த ஒரு சரிபார்ப்புச் சாவியை நம்பி வேலை செய்யும். ஆர்எஸ்ஏ-யையும் நீள்வட்ட வளைவையும் 2035-க்குள் கைவிடுவது என்று அமெரிக்கா திட்டமிடுகிறது. இன்று நிறுவும் கருவி அதற்குப் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். ‘இதன் மறையாக்க முறையைப் பின்னாளில் மாற்ற முடியுமா?’ என்ற ஒரு வரி இன்றைய டெண்டரிலேயே இருந்தாகவேண்டும். ஸ்மார்ட் மீட்டருக்கும் டவர் கருவிக்கும் அதே வரி.

தென்கொரியாவின் எஸ்கே டெலிகாமிடம் நாம் கற்க நிறைய உண்டு. குவாண்டம் சாவிக் கருவிகள் செய்யும் சுவிஸ் நிறுவனமான ஐடி குவாண்டிக்கில் 2018-லேயே முதலீடு செய்து, தன் வலைப்பின்னலில் குவாண்டம் பாதுகாப்பை முன்னோடியாகக் கொண்டுவந்த நிறுவனம் அது. 2025 ஏப்ரலில் அதன் சர்வர்களில் ஆண்டுக்கணக்காக ஒளிந்திருந்த சாதாரணத் தீநிரல் வெளிப்பட்டது. சுமார் 2.7 கோடி சிம்களின் தகவல்கள் கசிந்திருந்தன. சிம்மின் அந்த ரகசிய எண்கள் மறையாக்கம் செய்யப்படாமலே சேமிக்கப்பட்டிருந்ததாக அந்நாட்டு விசாரணை கண்டறிந்தது. எல்லா வாடிக்கையாளருக்கும் சிம்மை மாற்றித் தர வேண்டியதாயிற்று. இருப்பு போதாமல் கடை வாசல்களில் நீண்ட வரிசை. குவாண்டம் தாக்குதலை எண்ணி முதுகெலும்பை இரும்பாக்கும்போதே, சர்வர் அறையில் எந்தச் சாவி எந்த நிலையில் கிடக்கிறது என்று பார்க்கவும் ஆள் வேண்டும்.

இந்தியாவுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பிஎஸ்என்எல் 2025 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கிய 4ஜி வலைப்பின்னல் உள்நாட்டிலேயே செய்யப்பட்டது. அதன் மைய மென்பொருள் சி-டாட் எழுதியது. குவாண்டம் சாவிக் கருவிகளையும் புதிய மறையாக்க முறைகளையும் உருவாக்குவது அதே சி-டாட். மூல நிரல் நம் கையில் இருப்பதால், வெளிநாட்டு உற்பத்தியாளர் புதுப்பித்துத் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொலைத்தொடர்புப் பொறியியல் மையமும் 2025-இல் இந்த மாற்றத்துக்கான அறிக்கையை வெளியிட்டிருக்கிறது. அந்த அறிக்கை தேனியை எட்ட முதலில் தேவைப்படுவது ஒரு கணக்கெடுப்பு: மாவட்டத்தின் எந்தக் கருவியில் எந்த முறை இருக்கிறது, எதை மென்பொருளால் மாற்றலாம், எதைக் கழற்றி எறியவேண்டும். கணக்கெடுத்தபின் வரிசை தானே அமையும். மருத்துவக் குறிப்பும் கைரேகையும் போகும் இணைப்புகள் முதலில், ஏனென்றால் அவற்றை அள்ளுவது இன்றே நடக்கலாம். அடுத்து டவர்களின் மென்பொருள் கையொப்பம். பட்டாக்களுக்குப் புதிய முறையில் மறுகையொப்பம், பழைய கையொப்பம் இன்னும் நம்பத்தக்கதாக இருக்கும்போதே. போடி ஏலத்தின் விலைகளை மறைப்பது கடைசியில் வந்தால் போதும்; அந்த விலையைக் கேட்டவர் உண்மையான வியாபாரிதானா என்று உறுதிசெய்யும் கையொப்பம் மட்டும் டவர்களோடு சேர்ந்தே மாறவேண்டும்.